தீக்குப் பன்னிரண்டாவது காரணம்

உசோப்பின் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் தரை புகைய ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை. தீக்கு விவரம் போதாது. விவரம் தெரிந்த தீயாக இருந்தால் திங்கட்கிழமை பார்த்துப் பற்றியிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் மாவட்டத்தில் உள்ள அரசு ஊழியர்கள் அத்தனை பேரும் அலுவலக வாசலில் நின்று ஒலிபெருக்கிப் பாட்டுக்கு உடற்பயிற்சி செய்வார்கள். அது முடிந்தால் தொழுகை. அதுவும் முடிந்தால் மனசு சனிக்கிழமைக்குப் போய்விடும்.

"என்னங்க, தரை சுடுது," என்று வந்து நின்றாள் ஹெர்மினா. ரப்பர் பால் வெட்டப் போனவள் ஒரு காலில் செருப்போடும், மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டும் திரும்பியிருந்தாள். கையிலிருந்த செருப்பின் அடிப்பாகம் உருகி வழிந்திருந்தது.

உசோப் போய்ப் பார்த்தார். அவர்கள் ஊரான தும்பாங் லீரிங்கில் மண் என்பது பெயருக்குத்தான் மண். ஆயிரக்கணக்கான வருஷமாக விழுந்த இலையும் கட்டையும் தண்ணீரில் ஊறி, மக்கியும் மக்காமலும் இரண்டு ஆள் ஆழத்துக்குச் சேர்ந்து கிடப்பது அது. ஈரமாக இருக்கும்வரை நல்ல பிள்ளை. காய்ந்தால் வறட்டி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எண்ணெய்ப் பனைக் கம்பெனி ஒன்று காட்டின் வழியே, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல ஒரு கால்வாய் வெட்டியது. காட்டில் நின்ற தண்ணீரெல்லாம் அதில் இறங்கி ஆற்றோடு போய்விட்டது. அதற்கப்புறம் மழை நாலு வாரம் தள்ளிப்போனால் போதும். எங்கிருந்தாவது ஒரு பொறி விழும். தீ மண்ணுக்குள் இறங்கி, மேலே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், எலி மாதிரி குடைந்துகொண்டே போகும். பச்சைப் பசேலென்று நிற்கிற மரம் திடீரென்று தொப்பென்று விழும். கீழே பார்த்தால் வேர் இருக்காது.

அந்தப் புகைக்கும் உசோப்பின் முதல் வரிசை ரப்பர் மரங்களுக்கும் நடுவே இருபது அடி இருந்தது. மொத்தம் இருநூற்றுப் பத்து மரங்கள். கல்யாணமான வருஷம் அவரும் ஹெர்மினாவும் சேர்ந்து நட்டவை. அவை போனால் அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"கால்வாயை அடைச்சா போதும், ஹெர்மினா. தண்ணி மேல ஏறிடும். தானா அணைஞ்சிடும்."

"என்கிட்ட சொல்லி என்ன பண்ண? கால்வாயை நானா வெட்டினேன்? போய் ஆபீஸ்ல சொல்லுங்க. அந்த நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க, இல்லன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

திங்கட்கிழமை உசோப் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, படகிலும் பிறகு ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னாலுமாக மாவட்டத் தலைநகருக்குப் போனார். வெப்பமண்டல வனத் தீக் காரண நிர்ணய வாரியம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பதாகை. அதில் வாரியத் தலைவர் தீயணைப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் பெயர். முன்னால் இரண்டு பட்டம், பின்னால் நான்கு பட்டம் காவல் நிற்க, நடுவில் புர்வோகோ என்ற பெயர் ஒடுங்கிப்போய்க் கிடந்தது.

மூன்றாம் எண் ஜன்னலில் சுலாஸ்திரி அம்மா உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டை நகல், குடும்ப அட்டை நகல், தெருத் தலைவர் கடிதம், முத்திரைத் தாள் எல்லாம் சரியாக இருந்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

"காரணம்?" என்றார்.

"எதுக்கும்மா?"

"தீக்கு."

"அதை அப்புறமாப் பார்த்துக்கலாமே. முதல்ல அணைச்சிட்டா..."

"அணைக்கிறவங்க பக்கத்துக் கட்டடம். அவங்க வரணும்னா எங்க சீட்டு வேணும். எங்க சீட்டு வேணும்னா காரணம் வேணும். காரணம் இல்லாத தீயை நாங்க பதிய முடியாது. பதியாத தீயை அவங்க அணைச்சா, இல்லாத தீயை அணைச்ச மாதிரி ஆயிடும். தண்ணி எங்க போச்சுன்னு கேள்வி வரும். புரியுதா அண்ணே?"

உசோப்புக்குப் புரிந்தது. புரிந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

படிவத்தில் பதினோரு காரணங்கள் அச்சாகியிருந்தன. சிகரெட் துண்டு. தேன் எடுப்பவர். மீன் பிடிப்பவர். விவசாயி. விவசாயியின் உறவினர். மின்னல். வெறும் கண்ணாடிப் புட்டி. இப்படியே போய் பதினோராவதாக, முன்னோர் கோபம். உசோப் விரலை வைத்து இரண்டு தடவை மேலிருந்து கீழே வாசித்தார்.

"கால்வாய் இதுல இல்லையேம்மா."

"கால்வாய்ல என்ன இருக்கும்?"

"தண்ணி."

"தண்ணி எப்படிண்ணே தீ வைக்கும்?"

பின் வரிசை மேஜைகளில் நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே எண்ணெய்ப் பனைக் கம்பெனியின் மாதக் காலண்டர் காற்றில் ஆடியது.

சுலாஸ்திரி அம்மா கெட்டவர் இல்லை. எழுந்து வந்து, சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். அதில் மாவட்டம் முழுக்க செயற்கைக்கோள் எடுத்த படம். "பாருங்க. தீ இருந்தா சிவப்புப் புள்ளி விழும். உங்க ஊர்ல ஒரு புள்ளிகூட இல்லை. வெள்ளையாத்தான் இருக்கு."

"அது புகைம்மா. புகை மறைக்குது."

"அதைத்தான் நானும் சொல்றேன். புகையைக் கொஞ்சம் குறைச்சீங்கன்னா எங்களுக்குத் தீ தெரியும்."

போகும்போது அவருக்கு ஒரு முகமூடி கொடுத்தார்கள். தலைவரின் சிரிப்பு அதன் மேல் அச்சாகியிருந்தது. உசோப் அதை மாட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். படகுத்துறையில் இருந்த நாய்கள் குரைத்தன.

புகை குறையவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை மூன்று ஆய்வாளர்கள் வந்தார்கள். வந்ததும் முதல் காரியமாகப் புகையும் இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். 'சாட்சியம். தொடாதீர்' என்று அதில் எழுதியிருந்தது. ஹெர்மினா அப்போதுதான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா! அக்கா! நிறுத்துங்க!" என்று மூன்று பேரும் ஓடி வந்தார்கள். "தண்ணி ஊத்தினா சாட்சியம் அழிஞ்சு போயிடும்!"

"சாட்சியம் என் மரத்தைத் தின்னுதே!"

"தின்னட்டும்க்கா, எந்தப் பக்கமாத் தின்னுதுன்னு குறிச்சுக்கிறோம்."

அவர்கள் மூன்று நாள் தங்கினார்கள். உசோப் வீட்டில்தான் சாப்பாடு. பிரம்புக் குருத்துக் குழம்பை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். பகலெல்லாம் நாடாவைச் சுற்றி வந்து, கிராம்பு சிகரெட் பிடித்துக்கொண்டே தரையைக் கூர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மூத்த ஆய்வாளர் ஒரு பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"காரணம் கிடைச்சிருச்சு ஐயா! சம்பவ இடத்துல அறுபத்தேழு சிகரெட் துண்டு!"

"அது நீங்க பிடிச்சது தானேங்க," என்றார் உசோப்.

ஆய்வாளர் பையை உற்றுப் பார்த்தார். மற்ற இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பை 'மேல் ஆய்வுக்கு' என்று சீல் வைக்கப்பட்டு நகரத்துக்குப் போயிற்று. அவர்கள் போன படகின் சத்தம் அடங்குவதற்குள் மஞ்சள் நாடா பற்றி எரிந்துவிட்டது. அந்த வாரம் பதினாலு மரங்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் விழுந்தபோது ஹெர்மினா சமையலறையிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தாள். இருமலுக்கு நடுவே எண்ணுவது அவளுக்குச் சிரமமாக இருந்தது.

உசோப்பின் பொறுமை அத்துடன் போயிற்று. விழுந்த மரங்களையே வெட்டி, தனி ஆளாகக் கால்வாயில் இறக்கி அடைக்கப் பார்த்தார். கால்வாய் எட்டு அடி அகலமாக இருந்திருந்தால் நடந்திருக்கும். அது முப்பது அடி. இரண்டாம் நாளே கம்பெனிக் காவலாளி வந்து, நீர்வழியை மறிப்பது சட்டப்படி குற்றம் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, அவர் போட்ட கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் அழகாக அடுக்கியும் வைத்துவிட்டுப் போனான்.

உசோப் அந்தக் காகிதத்தோடு மறுபடியும் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் போனார். இம்முறை நல்ல சட்டை இல்லை. எதற்காகப் போனார் என்று அவருக்கே தெரியாது. யாரையாவது திட்டிவிட்டு வரலாம் என்ற எண்ணமாக இருக்கலாம்.

ஆனால் சுலாஸ்திரி அம்மாவுக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. நாட்டின் தலைநகரிலிருந்து துணை அமைச்சர் வருகிறார். தீ எதிர்ப்பு உறுதிமொழி விழா. நாற்பது கார்கள். இருநூறு பேர். தலைவர் புர்வோகோ தாமே மாடியிலிருந்து இறங்கி வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் விளையாட்டு மைதானத்துல வெச்சோம். போட்டோல பின்னாடி என்ன வந்துச்சு? கால்பந்து கம்பம்! தீ எதிர்ப்பு விழான்னா பின்னாடி தீ வேணாமா? அமைச்சர் என்ன நினைப்பார்?"

உசோப் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். வாசலில் நின்ற தலைவரின் கறுப்புக் காரைப் பார்த்தார். ஒன்பது வருஷமாகத் தோன்றாத ஒன்று அப்போது அவருக்குத் தோன்றியது.

"ஐயா," என்றார். "எங்க ஊர்ல அருமையான புகை இருக்குங்க."

தலைவர் திரும்பினார். "எவ்வளவு?"

"மரம் உசரத்துக்குங்க. காலை வெயில் பட்டா பொன்னாட்டம் தெரியும். மேடையைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போட்டீங்கன்னா, அமைச்சர் ஐயா தலைக்குப் பின்னாடி அப்படியே எழும்பும். ஆனா..." என்று இழுத்தார் உசோப், தம்மிடம் இவ்வளவு நடிப்பு இருந்தது தமக்கே தெரியாமல். "ஆனா வேணாங்க. கம்பெனி ரோட்டுல கால்வாய்க் கரை வரைக்கும்தான் கார் வரும், அந்தப் பக்கம் போகாது. பலகையிலதான் நடந்து தாண்டணும்."

"அமைச்சர் பலகையில நடக்குறதா? பாலம் கட்டு!"

"பாலத்துக்கு டெண்டர் விடணும் ஐயா, எட்டு மாசம் ஆகும்," என்றார் சுலாஸ்திரி அம்மா.

"அப்ப தூர்த்துடு! மண்ணைக் கொட்டி மூடு! கம்பெனிக்குப் போன் போட்டு இயந்திரம் அனுப்பச் சொல்லு. அமைச்சர் வர்றார்னா கால்வாய் ஒரு பெரிய விஷயமா?"

உசோப் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டார். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம் என்று அவருக்குப் பயம்.

இரண்டே நாளில் இரண்டு இயந்திரங்கள் வந்தன. அறுபது லாரி களிமண், கருங்காலி போல உறுதியான மரத்தூண்கள். உசோப்பின் கட்டைகளை எடுத்து அடுக்கிய அதே காவலாளி இப்போது தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். நாற்பது கார் நிற்க வேண்டுமே என்று அடைப்பு ஐம்பது அடி அகலத்துக்கு வந்தது. மேலே சரளை. சரளை மேல் சிவப்புக் கம்பளம்.

பிறகு அமைச்சருக்குச் சளி. விழா ஐந்து நாள் தள்ளிப்போனது. சளி சரியானதும் அவர் சுவிட்சர்லாந்து போய்விட்டார், தீப்பிடிக்காத காடு எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துவர. விழா மேலும் எட்டு நாள் தள்ளிப்போனது. இந்தப் பதின்மூன்று நாளும் மேட்டுக் காட்டிலிருந்து வடிந்த தண்ணீர் போக வழியில்லாமல் கால்வாயில் நின்றது, ஏறியது, கரையைத் தாண்டி மண்ணுக்குள் ஊறியது. தரை ஒரு பெருமூச்சு விட்டதுபோல உஸ்ஸென்று சத்தம் வந்தது. புகை முழங்கால் உயரத்துக்கு இறங்கி, கணுக்காலுக்கு இறங்கி, விழாவுக்கு முந்திய நாள் காலையில் இல்லாமலே போனது. நூற்று எழுபத்தொரு மரங்கள் தப்பித்தன. ஹெர்மினா வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்து பார்த்துவிட்டு, ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். உசோப்பும் அழுதார்.

ஒத்திகை பார்க்க வந்த தலைவர் புர்வோகோவுக்கும் அழுகை வந்தது.

"என் தீ எங்கே?" என்று கத்தினார். "நாளைக்கு அமைச்சர் வர்றாரு! யாரு அணைச்சது? யாரைக் கேட்டு அணைச்சீங்க?"

சாயங்காலத்துக்குள் நகரத்திலிருந்து கல்யாண மேடைக்குப் புகைவிடும் இயந்திரம் ஒன்று வந்தது. அதன் புகையில் மல்லிகை வாசம் வீசியது. அமைச்சருக்கு ஒத்துக்கொள்ளாது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் மேடைக்குப் பின்னால் ஒரு வண்டி நெல் உமியைக் குவித்து, வாரிய ஊழியர்களே சீருடையில் நின்று கொளுத்தினார்கள். 'எரிக்காதே!' என்ற பதாகைக்குப் பின்னாலிருந்து புகை பிரமாதமாக எழும்பியது.

விழா நடந்தது. தேசிய கீதம், பிரார்த்தனை, அறிக்கை, அறிக்கை வாசித்ததைப் பற்றிய அறிக்கை. அமைச்சர் ஒரு புத்தம்புது தண்ணீர்க் குழாயை உசோப்பின் கையில் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்ததும் ஒருவர் வந்து குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது அடையாளபூர்வமான வழங்கல்தானாம். பிறகு தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"முப்பது வருடங்களாக நமது மாவட்டக் காடுகள் எரிகின்றன. முப்பது வருடங்களாக நமது வாரியமும் இருக்கிறது. தீ சளைக்கவில்லை, நாமும் சளைக்கவில்லை! கேலி பேசுகிறவர்கள் கேட்கிறார்கள், வாரியம் எத்தனை தீயை அணைத்தது என்று. நான் பெருமையோடு சொல்கிறேன். ஒன்றைக்கூட இல்லை! ஆனால் ஒரே ஒரு தீயைக்கூட நாம் காரணம் இல்லாமல் எரியவிட்டதில்லை!"

அமைச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். புகையாலா, உணர்ச்சியாலா என்று பத்திரிகையாளர்கள் இரண்டு விதமாக எழுதினார்கள்.

"நல்லது, நல்லது," என்றார் அமைச்சர் காரில் ஏறும்போது. "இந்தத் தீக்கு என்ன காரணம்?"

தலைவர் முகம் வெளுத்தது. "மாலைக்குள் அறிக்கை வந்துவிடும், ஐயா."

கார்கள் போனதும், சாப்பாட்டுப் பெட்டிகள் குவிந்து கிடந்த மேஜை ஓரத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. உசோப்பையும் நிறுத்தி வைத்தார்கள். உமியைக் கொளுத்தியவர்கள் வாரிய ஊழியர்கள்; படிவத்தில் அப்படி ஒரு காரணம் இல்லை. பழைய தீயும் அணைந்துவிட்டது. சிகரெட் துண்டுகளை மேலே அனுப்ப முடியாது. இதற்கிடையில் கம்பெனிக்காரர்கள் வேறு, காலையில் முதல் வேலையாக அடைப்பைத் தோண்டி எடுக்கப் போவதாகச் சொல்லி, இயந்திரங்களைக் கிளப்பித் தயாராக நிறுத்தியிருந்தார்கள்.

"இந்தத் தீயை முதல்ல பார்த்தது யாரு?" என்றார் தலைவர்.

"இவர்தாங்க ஐயா," என்றார் சுலாஸ்திரி அம்மா.

"இவர் வந்து சொல்றதுக்கு முன்னாடி நம்ம பதிவேட்டுல தீ இருந்துச்சா?"

"இல்லைங்க ஐயா."

"செயற்கைக்கோள்ல?"

"ஒரு புள்ளிகூட இல்லைங்க."

"அப்ப இவர் வந்ததாலதானே தீ வந்துச்சு?"

எல்லாரும் யோசித்தார்கள். இதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. சுலாஸ்திரி அம்மா பேனாவை எடுத்து, படிவத்தின் அடியில் பன்னிரண்டு என்று எண் போட்டு, 'புகார் கொடுத்தவர்' என்று எழுதினார். எழுதிவிட்டு உசோப்பின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினார்.

ஹெர்மினா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்ன அநியாயம் இது! நீங்க கையெழுத்துப் போடக் கூடாது, சொல்லிட்டேன்!"

உசோப் இயந்திரங்களைப் பார்த்தார். பிறகு காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"போடறேன் ஐயா. நான்தான் காரணம். ஆனா ஒரு சின்ன விண்ணப்பம்."

"என்ன?"

"இன்னிக்கு ஐயா பேசின பேச்சு இருக்கே, அது சாதாரணப் பேச்சு இல்லைங்க. தீயே வெக்கப்பட்டு அணைஞ்சு போச்சு. அமைச்சர் ஐயா வந்து இறங்கின அந்த இடத்துல, கம்பளம் விரிச்ச அந்த மண் மேலேயே, ஒரு நினைவுக்கல் வைக்கணும். ஐயா பேரு, பட்டம் ஆறும் விடாம. பெரிய கல்லா வேணும். பட்டம் கொள்ளணுமே."

தலைவர் திரும்பிச் சிவப்புக் கம்பளத்தைப் பார்த்தார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. தாமே போய் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார்.

கல் ஒரு வாரத்தில் வந்தது. ஆள் உயரக் கருங்கல், அடியில் இரண்டு அடிக்கு சிமெண்ட். கம்பெனி மூன்று கடிதம் எழுதிப் பார்த்தது. வாரியத் தலைவர் பெயர் பொறித்த கல்லை அகற்றுவதானால் தகுந்த காரணம் வேண்டும் என்றும், அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள் பன்னிரண்டே என்றும், அவற்றில் எதுவும் கல்லுக்குப் பொருந்தவில்லை என்றும் வாரியம் பதில் எழுதியது. வாரியம் உருப்படியாக எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

உசோப்புக்குத் தண்டனை உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று, 'இனித் தீக்குக் காரணமாக மாட்டேன்' என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். கார்கள் வருவதற்காக அதற்கு முந்திய வாரம் அடைப்பில் புது மண் கொட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். ஒரு வருஷம் மறந்துவிட்டார்கள். உசோப் தாமே போய் ஞாபகப்படுத்தினார். திருந்திய குற்றவாளி என்று அந்த வருஷம் அவருக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். ஹெர்மினா அதைக் கோழிக்கூண்டின் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தினாள்.

போன மாதம் மேட்டு ஊரிலிருந்து ஒருவர் படகில் வந்தார். கண் சிவந்து, இருமிக்கொண்டு, கையில் வாரியப் படிவம். உசோப் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க காட்டுல தரை புகையுது. நீங்கதான் விவரம் தெரிஞ்சவர்னு சொன்னாங்க. இந்தப் பன்னிரண்டுல நான் எதுல டிக் போடணும்?"

"அதை மடிச்சு வையுங்க," என்றார் உசோப். "உங்க கால்வாயைக் கார் தாண்டுமா?"

"எங்கண்ணே! சைக்கிளே தாண்டாது."

"அப்ப கவலைய விடுங்க. புகை போட்டோவுக்கு எப்படி இருக்கும்? உசரமா எழும்புதா?"

"பள்ளிவாசல் கோபுரமாட்டம் எழும்புதுண்ணே."

"நல்லது. போய்ச் சொல்லுங்க, அவங்களே வந்து அடைச்சிடுவாங்க. கல் வைக்கறதுக்கு மட்டும் மறக்காம விண்ணப்பம் போட்டுடுங்க." உசோப் கத்தியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு. காரணமா நிக்க உங்க ஊர்ல ஒரு ஆள் வேணும். வருஷா வருஷம் வரணும், கோபப்படக் கூடாது. அப்படி யாராவது இருக்காங்களா?"

வந்தவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"என் மச்சினன் ஒருத்தன் சும்மாத்தான் இருக்கான்," என்றார்.